தீவனத் தட்டு

மலைவேம்புத் தோப்பில் தேனீக்கள் பெட்டியை விட்டுக் கிளம்பிப் புகைபோலச் சுழன்றன. சத்தம் கேட்டால் பறக்கிற கூட்டம் பக்கத்திலேயே எங்காவது அமர்ந்துவிடும் என்பது ராசியண்ணனின் நம்பிக்கை. கைக்குக் கிடைத்த அலுமினியத் தட்டை எடுத்து மடமடவென்று தட்டினார். அது தீவனத் தட்டு. மேய்ந்துகொண்டிருந்த வெள்ளாடுகள் தீனி என்று நினைத்து ஓடிவந்தன. முதலில் வந்தது நெற்றியில் வெள்ளை விழுந்த சுட்டி. இளமரங்களின் பட்டையை உரித்துத் தின்ற குற்றத்துக்காக அதை நாளைச் சந்தைக்கு ஓட்டுவதாக இருந்தார். அது வந்து நின்றதும் தேனீக் கூட்டம் மொத்தமும் இறங்கி அதன் கொம்பில் அமர்ந்தது. கொம்பிலிருந்து கழுத்துவரை தேனீக்கள் கொத்தாகத் தொங்கின. சுட்டி காதைக்கூட ஆட்டவில்லை.

"ஏனுங்க, தட்டறத நிறுத்துங்க" என்றாள் அவர் மனைவி பாவாத்தாள், மெதுவாக. "இன்னொருக்கா தட்டுனா அவ துள்ளீருவா. அப்புறம் உங்க ஈ ஊரத் தாண்டீரும்."

அகத்திக் கொப்பு ஒன்றை ஒடித்துக் காலிப் பெட்டியின் வாசலில் வைத்தாள். சுட்டி நிறைகுடம் சுமப்பதுபோல நடந்துபோய், தலையைத் தாழ்த்தி இலையைக் கடித்தது. கொம்பிலிருந்து ஒரு தேனீ இறங்கி வாசலுக்குள் நுழைந்தது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு கொத்தே கரைந்து பெட்டிக்குள் வழியத் தொடங்கியது.

"நாளைக்குச் சந்தைக்கு ஆரக் கூட்டீட்டுப் போறீங்க?" என்றாள் பாவாத்தாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

ராசியண்ணன் தூக்கிய கையில் இருந்த தட்டைச் சத்தமில்லாமல் வைக்க ஓர் இடம் தேடிக்கொண்டிருந்தார்.