பந்தை எங்கே தேடுவாள்?

"லிஃப்ட்லயே போயிடலாங்க. எனக்கு முட்டி வலிக்குது" என்றாள் மனைவி.

"ஒரே ஒரு மாடிதானே?"

"அது என் முட்டிக்குத் தெரியுமா?"

கணவன் சிரித்துக்கொண்டே பொத்தானை அழுத்தினான். கல்யாணமான நாளிலிருந்து அவளோடு வாதாடி ஜெயித்ததாக அவனுக்கு நினைவில்லை. நாலரை வயது மகள் குட்டி, லிஃப்ட் கண்ணாடியில் தன் பல்வரிசையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் பார்க்கப் போனது குழந்தைகள் மனநல ஆலோசகரை. குட்டியைச் சேர்க்கப் போன பள்ளிக்கூடத்தில், "பேச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு. கேட்ட கேள்விக்குத்தான் சம்பந்தா சம்பந்தமில்லாம பதில் வருது. ஆலோசகர் சரின்னு சொல்லட்டும், சேர்த்துக்கறோம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு. பள்ளிக்கூடத்துக்கு அப்படி நினைக்க வேண்டிய அவசியம் இல்லை.

ஆலோசகர் கர்ப்ப காலத்திலிருந்து ஆரம்பித்தார்.

"வயித்துல இருந்தப்ப ஏதாவது சிக்கல் உண்டாம்மா? பிரஷர், பெரிய கவலை, அதிர்ச்சி?"

"ஒண்ணும் இல்ல மேடம். ஆறாம் மாசத்துலேருந்து இவர் குரல் கேட்டாலே உதைப்பா."

"ஆமா, உள்ள இருக்கும்போதே காது கேக்க ஆரம்பிச்சுடும். அடிக்கடி கேட்ட குரலைப் பிறந்ததும் கண்டுபிடிச்சுடுவாங்க."

"அதான் இன்னிக்கு வரைக்கும் உதைக்கிறா" என்றான் கணவன்.

அடுத்து பரிசோதனை. குட்டி விளையாட்டு அறைக்குள் போனாள். பெற்றோரைப் பக்கத்தில் இருந்த சின்ன இருட்டு அறையில் உட்கார வைத்தார்கள். நடுவில் ஒரு கண்ணாடி. இங்கிருந்து பார்த்தால் குட்டி தெரிவாள். அங்கிருந்து பார்த்தால் அது வெறும் முகம் பார்க்கும் கண்ணாடி. உள்ளே பேசுவதெல்லாம் ஸ்பீக்கர் வழியே கேட்கும். குட்டியிடம் மட்டும், அம்மாவும் அப்பாவும் கீழே காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

ஆலோசகர் இரண்டு பொம்மைகளை எடுத்தார்.

"இது அக்கா. இது தங்கச்சி. அக்கா பந்தை இந்தக் கூடையில போட்டுட்டு வெளிய போயிட்டா. தங்கச்சி என்ன பண்ணா, பந்தை எடுத்து இந்தப் பெட்டிக்குள்ள ஒளிச்சுட்டா. இப்ப அக்கா திரும்பி வரா. பந்தை எங்க தேடுவா?"

"பெட்டியில" என்றாள் குட்டி பட்டென்று.

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"பெட்டியிலதான்."

சாக்லேட் டப்பாவைத் திறந்து காட்டினார். உள்ளே கிரேயான். மூடிவிட்டு, "அம்மா இந்த டப்பாவைப் பார்த்தா உள்ள என்ன இருக்குன்னு நினைப்பாங்க?" என்றார். "கிரேயான்" என்றாள் குட்டி, இதெல்லாம் ஒரு கேள்வியா என்ற முகத்தோடு.

ஆலோசகர் இருட்டு அறைக்கு வந்தார்.

"அக்கா பொம்மை கூடையிலதான் தேடணும். பெட்டிக்கு மாத்துனதை அவ பார்க்கலையே. தனக்குத் தெரிஞ்சது அடுத்தவங்களுக்குத் தெரியாம இருக்கலாம்ங்கறது நாலு வயசுக்கு மேல பெரும்பாலான பிள்ளைங்களுக்குப் புரிஞ்சுடும். உங்க பொண்ணுக்கு இன்னும் வரலைன்னு தோணுது. பயப்பட ஒண்ணுமில்ல. ஒரு வருஷம் பொறுத்துச் சேர்க்கலாம்."

"இல்ல மேடம், இந்த வருஷமே சேர்த்துடணும்" என்றான் கணவன். தொளதொளவென்று ஆகிவிட்ட சட்டைக் காலருக்குள் அவன் கழுத்து தாராளமாகத் திரும்பியது.

"ஏன் இவ்வளவு அவசரம்?"

"அவ யூனிஃபார்ம் போட்டுக்கிட்டுப் போறதைப் பார்க்கணும்னு ஆசை. வேற என்ன?"

மனைவி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த குட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வீட்டுல கண்ணாமூச்சி, ரகசியம், பொய்க்கதை இதெல்லாம் உண்டா?" என்று கேட்டார் ஆலோசகர். "அதுல எல்லாம்தான் பிள்ளைங்க அடுத்தவங்க மனசைப் படிக்கக் கத்துக்கும்."

"எங்க வீட்டுல ஒளிவு மறைவே கிடையாது மேடம்" என்றான் கணவன், கொஞ்சம் பெருமையாகவே. "ஒருவேளை அதனாலதான் இவளுக்கு வரலையோ?"

"ஆமாங்க, கிடையாது" என்றாள் மனைவி.

ஆலோசகர் கதவு வரை போய் நின்றார். குட்டியிடம் 'எங்கே' என்று கேட்டாயிற்று, 'என்ன' என்றும் கேட்டாயிற்று. 'ஏன்' என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று எழுதிக் கொடுத்துவிட அவருக்கு மனம் வரவில்லை. மறுபடி உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தார்.

"குட்டி, அக்காதான் வெளிய போயிட்டாளே. பந்து பெட்டியில இருக்குன்னு அவளுக்கு எப்படித் தெரியும்?"

"போகவே இல்ல ஆன்ட்டி. போற மாதிரி போயி, கதவுக்குப் பின்னாடி நின்னு பார்த்துக்கிட்டே இருந்தா."

"யாரு அப்படிப் பார்ப்பாங்க?"

"அம்மா. அப்பா மாத்திரையை டிராயர்லேருந்து எடுத்துப் பழைய ஷூவுக்குள்ள ஒளிச்சு வெச்சாரு இல்ல? அப்ப அம்மா அப்படித்தான் பார்த்தாங்க. அப்பா வேலைக்குப் போனதும் அதைக் கையில வெச்சுக்கிட்டு தினமும் அழுவாங்க."

குட்டி எழுந்து வந்து ஆலோசகரின் காதருகே வாயை வைத்துக் குரலைத் தாழ்த்தினாள். ஸ்பீக்கர் கொஞ்சம் நல்ல ஸ்பீக்கர்.

"அம்மாவுக்குத் தெரியும்னு அப்பாவுக்குத் தெரியாது. நீங்க சொல்லிடாதீங்க ஆன்ட்டி, அப்பா பாவம்."