அடுப்புக்குள் ஓர் அங்கி

1762-ஆம் ஆண்டு வசந்தத்தில், ரஷ்யத் தலைநகர் பீட்டர்ஸ்பர்க்கின் காவல்படை வீரர்கள் பழைய பச்சை அங்கிகளை ஒப்படைத்துவிட்டு, புதுச் சக்கரவர்த்தி விரும்பிய, நேற்றுவரை எதிரியாயிருந்த ப்ரஷ்யாவின் சீருடைக்கு மாற உத்தரவு வந்தது. ஒளித்து வைத்தால் பிரம்படி.

“யெவ்சேய்! கதவைத் திற! உள்ளதான் இருக்கேன்னு தெரியும்!”

ஜூன் மாதக் காலை. புது டிரில்லில் முழங்கால் வீங்கி, விடுப்பில் கிடந்த சார்ஜென்ட் யெவ்சேய் திடுக்கிட்டு எழுந்தான்.

“கேப்டன் குரலுங்க,” என்று கிசுகிசுத்தாள் மனைவி மாவ்ரா. “யாரோ போட்டுக் குடுத்துட்டாங்க. அந்த அங்கியைக் கொளுத்திடுங்கன்னு அப்பவே சொன்னேனே, கேட்டீங்களா?”

“அதைப் போட்டுத்தான்டி என்னைப் புதைக்கணும். என் வயசெல்லாம் அதுலதான் போச்சு.”

“புதைக்கத்தான் வந்திருக்காரு. போய்த் திறங்க.”

சாக்கில் சுற்றிய பச்சை அங்கி, கோடையில் மூட்டாத பெரிய அடுப்புக்குள் இருந்தது.

கேப்டன் வெல்யாமினோவ் உள்ளே வந்ததும் தானே தாழ்ப்பாள் போட்டார். அந்தப் புழுக்கத்திலும் கறுப்புப் போர்வை கழுத்துவரை மூடியிருந்தது. ஒரு பொத்தான் தளர்ந்ததற்காகச் சிப்பாயின் முதுகைப் பிளக்க வைத்தவர் அவர்.

தொலைவில் கோயில் மணிகள் விடாமல் அடித்தன.

“நாளைக்குப் பேதுரு பவுல் திருநாள். ராஜா பேரும் பேதுருதானே, அதான் இன்னிக்கே அடிக்க ஆரம்பிச்சுட்டாங்க,” என்று பேச்சை மாற்றினாள் மாவ்ரா.

“பழைய அங்கி எங்க?” என்றார் கேப்டன்.

“அதை அன்னிக்கே ஒப்படைச்சாச்சுங்க ஐயா,” என்றான் யெவ்சேய்.

“பொய் சொல்லாதே. உன்னை எனக்குத் தெரியாதா?”

“எலி தின்னுடுச்சுங்க,” என்று முந்தினாள் மாவ்ரா.

“ஒப்படைச்சதையா எலி தின்னுச்சு?”

மாவ்ரா உதட்டைக் கடித்துக்கொண்டாள். கேப்டன் பெட்டியைத் திறந்து கிளறினார். கட்டிலுக்கு அடியில் குனிந்தார். பிறகு அடுப்பின் மூடியில் கை வைத்தார்.

“ஐயா!” யெவ்சேய் நொண்டிக்கொண்டு குறுக்கே வந்தான். “இவளுக்கு ஒண்ணும் தெரியாது. ஒளிச்சு வெச்சது நான். அடிக்கிறதுன்னா என்னை மட்டும் அடிங்க.”

மூட்டையை இழுத்து, கரியைத் தட்டி நீட்டினான்.

கேப்டன் அதைப் பிடுங்கினார். போர்வையை உதறினார். உள்ளே வெறும் சட்டை மட்டுமே இருந்தது.

“என் புது அங்கியை வாய்க்கால்ல வீசிட்டேன். அதோட தெருவுல போனா நம்ம ஆளுங்களே உதைக்கிறாங்கய்யா!” பச்சை அங்கிக்குள் அவசரமாகக் கையை நுழைத்தார். “ராஜாவை இறக்கியாச்சு. அவர் சம்சாரம் பட்டத்துக்கு வந்தாச்சு. மணி அதுக்குத்தான்!”

யெவ்சேய் கட்டிலில் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்தான். மாவ்ரா சிலுவைக் குறி போட்டுக்கொண்டு நெடுமூச்சு விட்டாள்.

“கிழிக்காமக் கொண்டாந்து குடுத்துடுங்க ஐயா. அது அவரு சாவுக்கு வெச்சது.”

மாலைக்குள் படை முழுவதும், வசந்தத்திலேயே ஒப்படைத்துவிட்டதாகச் சொன்ன பச்சை அங்கிகளில் அணிவகுத்து நின்றது.