முதுகுப் பாடம்

காலை வெயில் விழும் கூடத்தில், பஸ் ஓட்டும் கணவன் சட்டையில்லாமல் தரையில் குப்புறப் படுத்திருக்கிறான். பிசியோதெரபி மேற்படிப்புக்கு இரண்டு முறை விண்ணப்பித்து இடம் கிடைக்காமல், மூன்றாம் முறை, நாற்பது வயதில் சேர்ந்துவிட்ட மனைவி, அவன் முதுகைத் தடவித் தடவித் தசைகளை மையால் வரைந்து பெயரெழுதுகிறாள். இன்று அவளுக்கு முதல் செய்முறைத் தேர்வு. பேனா பட்டுக் கூசும்போதெல்லாம் அவன் பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் கிடக்கிறான். கடைசிப் பெயரையும் எழுதியவள், புத்தகத்தைப் புரட்டிச் சரிபார்க்கிறாள். “ஒண்ணுகூடத் தப்பில்லைங்க!” ஈரத்துணியை எடுக்கிறாள். “அப்படியே இருங்க, துடைச்சிடறேன்.” அவனோ எழுந்து சீருடையை அவசரமாக மாட்டிக்கொள்கிறான். “கையை எடு. டிப்போவுல எல்லார்கிட்டயும் கழட்டிக் காட்டணும், என் பொண்டாட்டி கையெழுத்துன்னு.”