வாசல் லைட்டை அணைச்சது யாரு?

ஆபீஸ் முடிந்து இருவரும் திரும்பியபோது, இன்றைக்கும் வாசல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"கரன்ட்டை மிச்சம் பண்ணணும்னு ஆரம்பிச்சதே நீதான். இப்ப நீயே ஊதாரியா?" என்று குதித்தான் கணவன்.

"சத்தியமா காலையில அணைச்சேங்க!"

"நானும்தான் எழுந்ததுமே அணைச்சேன். அப்புறம் பேய் வந்தா போட்டுச்சு?"

அவளுக்குத் தலை சுற்றியது. இந்தப் புது வீட்டுக்கு வந்ததிலிருந்து தினமும் இதே கூத்து. தனக்கு மறதி நோய்தான் வந்துவிட்டதோ?

"நம்புங்க. மாடியில நம்ம ரூம் வாசல்ல இருக்கே, அந்த சுவிட்சைத் தட்டிட்டுத்தான் இறங்கினேன்."

"மாடியிலயா? அந்த லைட்டுக்கு சுவிட்ச் கீழ, செருப்பு ஸ்டாண்டுக்கு மேலதானே இருக்கு?"

ஆளுக்கொரு சுவிட்சைத் தட்டிப் பார்த்தார்கள். கீழே அவன் அணைத்த விளக்கு, மாடியில் அவள் தட்டியதும் பளிச்சென்று எரிந்தது.

"நாளையிலேருந்து நம்மள்ல ஒருத்தர் ஊதாரியா இருந்தாத்தாங்க கரன்ட் மிச்சமாகும்!" என்றாள் அவள்.