ஒரே உயரம்

விஜயநகர் ஓட்டக் குழுவில் ஒருவர் புது ஷூவில் ஒரு மாதம் சாலையில் ஓடிப் பார்த்துச் சொன்னால்தான் மற்றவர்கள் வாங்குவார்கள். போன தடவை தப்பாகச் சொன்ன சாம்புவை இன்னும் கேலி செய்கிறார்கள். இந்தத் தடவை ஜெயகிருஷ்ணன் மாட்டிக்கொண்டார். வழக்கமான ஷூ போலக் குதிகால் பக்கம் தூக்கி இல்லாமல், குதிகாலும் முன்பாதமும் ஒரே உயரத்தில் இருக்கும் மெத்தை ஷூ.

முதல் இரண்டு நாள் கெண்டைக்கால் வலி உயிரை எடுத்தது. மூன்றாம் நாள் வலி போன இடம் தெரியவில்லை.

மாதக் கடைசியில், ஓடி ஓடி அலுத்துப்போய், சோபாவில் சரிந்தபடியே குழுவுக்குச் செய்தி அனுப்பினார்: "இரண்டே நாளில் கால் பழகிவிடும். நம்பி வாங்கலாம்."

ஒரு மணி நேரம் கழித்து மனைவி கனகலக்ஷ்மி காபியோடு வந்தாள். "எத்தனை பேர் வாங்கறா?"

"இருபத்திரண்டு பேர் ஆர்டரே போட்டாச்சு. என் வார்த்தைக்கு அவ்வளவு மதிப்புடீ!"

"ஐயய்யோ!"

"ஏன்?"

"ரெண்டாம் நாள் நீங்க நொண்டிண்டு வந்ததைப் பார்க்கச் சகிக்கலை. என் பழைய ரப்பர் செருப்போட குதிகாலை வெட்டி, உங்க ஷூவுக்குள்ள அட்டைக்கு அடியில வெச்சுட்டேன்."

போன் மறுபடி ஒலித்தது. இருபத்துமூன்றாவது ஆர்டர்.

"அத்தனை பேருக்கும் பழைய செருப்புக்கு நான் எங்கே போவேன்?" என்றாள் அவள், நிஜமான கவலையோடு.