ஒன்றரை வெள்ளை

கணவர் சுந்தரவடிவேல் காலமான பிறகு, குணவதியின் தைராய்டு மாத்திரையை மாற்றினார் நிபுணர். தம் பட்டங்களை எழுதவே தனிப் பலகை மாட்டியிருப்பவர். “வெள்ளையில ஒன்னரைன்னு எதுக்கும்மா தினமும் உடைச்சுக்கிட்டு? ஒரே மாத்திரையா எழுதறேன்.” அது ஆரஞ்சு நிறம். ஒரே வாரத்தில் கழுத்தெல்லாம் தடிப்பு, அரிப்பு.

“மருந்து அதேதாம்மா. சாயம் ஒன்னும் செய்யாது. எல்லாம் மனக்கவலை.”

“கல்யாணத்தன்னிக்கு ஆரஞ்சு சோடா குடிச்சே உதடு வீங்கினவ டாக்டர். போட்டோவுல இருக்கு. அதனாலதான் அவர் வெள்ளையா வாங்கி, பாக்குவெட்டியால பாதியாக்கித் தருவார்.”

“அவரென்ன டாக்டரா?”

“இல்ல, வீட்டுக்காரர்.”

நிபுணர் சீட்டில் ஆரஞ்சை அடித்தார். பிறகு வெள்ளையையே எழுதி, தாமே கண்டுபிடித்த மாதிரி அடிக்கோடும் போட்டார்.

மறுநாள் விடிந்ததும் குணவதி பாக்குவெட்டியை எடுத்தாள். அவர் வெட்டுவார், எதிரே உட்கார்ந்து தெறிக்கிற பாதியைப் பிடிப்பது அவள் வேலை. எத்தனையோ வருஷத்துக் காலைகள் அப்படித்தான் தொடங்கின. நறுக்கென்று அழுத்தினாள். அரை மாத்திரை தெறித்து எதிர் நாற்காலிப் பக்கம் ஓடியது.

“பிடிங்க,” என்றாள்.