பாலாய் விழுந்த தண்ணீர்

"பாய்ஞ்சு போய்க் கையைப் பிடிச்சேன் சார், நழுவிடுச்சு!" பித்தப்பா தலையில் அடித்துக்கொண்டான். புத்தரி அறுவடைப் பண்டிகைக்குக் குடகு வந்த அவன் தம்பி பூவய்யாவை அருவி அடித்துக்கொண்டு போயிருந்தது.

இன்ஸ்பெக்டர் என்னிடம் திரும்பினார். "நீங்க எதிர்ப்பாறையில படம் எடுத்துட்டிருந்தீங்களே?"

"தண்ணி பால் மாதிரி விழணும்னு ஷட்டரை ஒரு நிமிஷம் திறந்து வச்சிருந்தேன். அப்பத்தான் அலறல் கேட்டுச்சு. ஆனா பிரயோசனமில்ல சார். அசையறது எதுவும் அதுல பதியாது. ஓடின பித்தப்பாவும் தெரிய மாட்டான்."

"பரவால்லண்ணே, காட்டுங்க," என்றான் பித்தப்பா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

காட்டினேன்.

அருவி பாலாய் வழிந்தது. பூவய்யா நின்ற இடத்தில் வெறும் புகை.

பக்கத்தில் கைகட்டி நின்றிருந்த பித்தப்பாவின் சட்டைக் கட்டங்களைக்கூட எண்ண முடிந்தது.